நீலகிரித் தைலம் கப்பலேறும்போது: ஆபத்தான சரக்கை அடையாளம் காண்பது எப்படி?

குன்னூர்ப் பக்கம் நீலகிரித் தைலம் வாங்கிக் குப்பிகளில் அடைத்து விற்கும் நண்பர் ஒருவருக்குத் துபாயிலிருந்து ஆர்டர் வந்தது. அங்கே கடை வைத்திருக்கும் அவருடைய மச்சான் நாற்பது பெட்டி கேட்டிருந்தார். தேயிலையும் மிளகும் ஊட்டி வர்க்கியும் ஏற்றிப் போகிற கண்டெய்னரிலேயே இதையும் சேர்த்துவிடலாம் என்று நினைத்து, இன்வாய்ஸில் 'மூலிகை எண்ணெய்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்: "இதன் ஃபிளாஷ் பாயின்ட் எவ்வளவு?" நண்பருக்குப் பதில் தெரியவில்லை. சரக்கு கொச்சியிலேயே நின்றுவிட்டது.

"சளிக்கு நெஞ்சில் தேய்க்கிற தைலம் ஹஜ்ரத்! அதைப் போய் வெடிமருந்து மாதிரிப் பேசுகிறார்கள்" என்று வருத்தப்பட்டார்.

அவருடைய வருத்தம் புரிகிறது. ஆனால் அந்த அலுவலகத்தில் கேட்டது சரியான கேள்வி. ஒரு பொருளுக்கு மக்களிடம் இருக்கும் நல்ல பெயரைக் கப்பல் சட்டம் பார்ப்பதில்லை. அது எந்த வெப்பத்தில் தீப்பிடிக்கும், தண்ணீர் பட்டால் என்ன ஆகும், உலோகத்தை அரிக்குமா, மூச்சில் கலந்தால் என்ன செய்யும் என்று மட்டுமே பார்க்கிறது. வளைகுடாவோடு வணிகமும் உறவும் வைத்திருக்கும் நம் குடும்பங்களில் பலருக்கு இந்த விவரம் தேவைப்படும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒன்பது வகுப்புகள்

ஆபத்தான பொருள்களைக் கொண்டு செல்வது பற்றிய ஐ.நா. நிபுணர் குழுவின் பரிந்துரைகள் முதன்முதலில் 1956-ல் வெளியாயின. அட்டையின் நிறத்தை வைத்து அதை 'ஆரஞ்சுப் புத்தகம்' என்றே இத்தொழிலில் சொல்வார்கள். அந்த அடிப்படையில் சர்வதேசக் கடல்சார் அமைப்பு கப்பலுக்கென உருவாக்கிய விதித்தொகுப்புதான் ஐ.எம்.டி.ஜி. கோடு. 1965-ல் ஏற்கப்பட்ட இது, 2004 ஜனவரி 1 முதல் கட்டாயமானது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தப்படுகிறது. விமானத்துக்கு வேறு விதிநூல் உண்டு. ஆனால் வகைப்பாட்டின் அடிப்படை இரண்டுக்கும் ஒன்றே.

உலகத்தில் உள்ள ஆபத்தான சரக்குகள் எல்லாம் ஒன்பது வகுப்புகளில் அடங்கும். இந்த எண்கள் ஆபத்தின் வரிசை அல்ல. மூன்றாம் வகுப்பு எட்டாம் வகுப்பைவிட மோசமானது என்று பொருளில்லை. ஆபத்தின் தன்மையை மட்டுமே அவை சொல்கின்றன.

முதல் வகுப்பு வெடிபொருள்கள். நீலகிரிக்காரர்களுக்கு இதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் மலை ரயில் குன்னூரைத் தாண்டியதும் அருவங்காட்டில் நிற்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே அங்கே கார்டைட் தொழிற்சாலை இருக்கிறது. துப்பாக்கி, பீரங்கிக் குண்டுகளைத் தள்ளும் புகையில்லா மருந்து இந்த வகுப்பைச் சேர்ந்தது. அதிலும் ஒட்டுமொத்தமாக வெடித்துச் சிதறக்கூடியது 1.1, வேகமாக எரியும் அபாயமே முதன்மையாக உள்ளது 1.3 என்று உட்பிரிவுகள் உண்டு. ஒரே பெயருடைய மருந்துகூட, எப்படித் தயாரித்து எப்படி அடைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து இரண்டில் ஒன்றாகலாம்.

இரண்டாம் வகுப்பு வாயுக்கள். சமையல் சிலிண்டரும் இதில்தான், அக்குளில் அடித்துக்கொள்ளும் ஸ்பிரே டப்பாவும் இதில்தான். மூன்றாவது தீப்பற்றும் திரவங்கள், நமது தைலத்தின் இடம்.

நான்காம் வகுப்பு மூன்று விதமான பொருள்களைச் சேர்த்துக் கட்டியது. எளிதில் எரியும் திடப்பொருள் 4.1, கற்பூரம் அதில் வருகிறது. தானாகவே சூடேறித் தீப்பிடிப்பது 4.2, அடுப்புக்கரி அதில் வருகிறது. ஹுக்காவுக்கும் சுட்ட இறைச்சிக்கும் வளைகுடா நாடுகள் வாங்கும் கரியைச் சோதனையில் தேறிவிட்டது என்று சான்று காட்டிச் சாதாரணச் சரக்காக ஏற்றும் வழி நெடுங்காலம் இருந்தது. கண்டெய்னருக்குள் கரி தீப்பிடித்த சம்பவங்கள் பெருகியதால் புதிய திருத்தம் அந்த வழியை அடைத்துவிட்டது. 2026 ஜனவரி முதல் கரி எதுவானாலும் ஆபத்தான சரக்கு என்றே அறிவிக்க வேண்டும். மூன்றாவது உட்பிரிவான 4.3, தண்ணீர் பட்டால் எரிவாயு விடுபவை. மாம்பழத்தைக் 'கல் வைத்துப் பழுக்க வைப்பது' என்று சொல்கிறோமே, அந்தக் கால்சியம் கார்பைடு கல் இதற்குச் சரியான உதாரணம். 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பலில் ஆபத்தான சரக்கு என்று குறிக்கப்பட்ட 13 கண்டெய்னர்களில் 12-ல் இருந்தது இந்தக் கல்தான். கடலில் விழுந்த கல் தண்ணீரோடு சேர்ந்தால் அசிட்டிலீன் வாயு கிளம்பும். கரை ஒதுங்கும் பெட்டிகளைத் தொடாதீர்கள், தள்ளியே நில்லுங்கள் என்று மக்களை எச்சரிக்க நேர்ந்தது இதனால்தான்.

ஐந்தாம் வகுப்புப் பொருள்கள் தாமாக எரியாமலும் இருக்கலாம். ஆனால் ஆக்சிஜனைக் கொடுத்து மற்றதை எரிய வைக்கும். 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூத் துறைமுகத்தைச் சிதறடித்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் இந்த வகுப்புதான். அந்தச் செய்தி வந்த பிறகுதான் சென்னை மணலியில் 2015 முதல் சுங்கத்துறைப் பொறுப்பில் கிடந்த சுமார் 700 டன் அதே சரக்கு எல்லோருடைய கண்ணிலும் பட்டது. சில நாள்களில் அதை ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள். ஆறாம் வகுப்பு நஞ்சும் நோய்க்கிருமிகளும். தேயிலைத் தோட்டங்களில் தெளிக்கும் பூச்சிமருந்துகளில் பல இதில் வரும். ஏழு கதிரியக்கம். ஒன்பது, மற்ற எட்டிலும் அடங்காதவை. செல்போன், பவர்பேங்க் லித்தியம் பேட்டரிகள் இதில் உள்ளன.

எட்டாம் வகுப்பான அரிக்கும் பொருள்களில் ஒரு வியப்பு இருக்கிறது. பாதரசம் எந்த வகுப்பு என்று கேட்டால் யாரும் நஞ்சு என்பார்கள். பட்டியலில் அதன் முதல் வகுப்பு 8, நஞ்சு என்பது துணை ஆபத்து. அலுமினியத்தைப் பாதரசம் அரித்துச் சிதைத்துவிடும். விமானத்தின் உடலோ அலுமினியம். கொடைக்கானலில் 2001-ல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையிலிருந்து பாதரசம் படிந்த கண்ணாடியும் கழிவுமாக 290 டன் 2003-ல் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. மலையூர் ஒன்றிலிருந்து இவ்வளவு ஆபத்தான சரக்கு கடல் கடந்து போனதற்குத் தமிழ்நாட்டில் வேறு உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

தைலத்துக்கு வருவோம்

யூகலிப்டஸ் நம் ஊர் மரம் அல்ல. திப்பு சுல்தான் காலத்தில், 1790-ஐ ஒட்டி நந்தி மலையில் நட்டதே இந்தியாவில் முதல் முயற்சி என்பார்கள். நீலகிரிக்கு அது 1843-ல் வந்தது. குளிருக்கு விறகு வேண்டும், சோலைக்காடுகளின் மரங்கள் போதவில்லை என்று 1856 முதல் வெள்ளையர் அரசு தோப்பு தோப்பாக வளர்த்தது. தைலம் பிறகு வந்த வரவு. பெரிய கொப்பரையில் இலையைத் திணித்துத் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். ஆவி குழாய் வழியே குளிர்ந்த நீருக்குள் போய்த் திரும்பவும் நீராகிறது. அதன்மேல் எண்ணெய் மிதக்கிறது. அந்த எண்ணெயில் பெரும்பங்கு சினியோல் என்ற பொருள். மூக்கடைப்பைத் திறப்பதும் அதுதான், எளிதில் ஆவியாகித் தீயைப் பிடிப்பதும் அதுதான்.

ஃபிளாஷ் பாயின்ட் என்பதை இப்படிப் புரிந்துகொள்ளலாம். திரவத்தை மூடிய கிண்ணத்தில் வைத்து மெல்லச் சூடாக்கி, இடையிடையே சிறு சுடர் ஒன்றை மூடியின் திறப்பில் காட்டுவார்கள். எந்த வெப்பநிலையில் மேலே நிற்கும் ஆவி 'குப்' என்று ஒருமுறை பற்றுகிறதோ அதுவே ஃபிளாஷ் பாயின்ட். கடல் விதியில் அது 60 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இருந்தால் அந்தத் திரவம் மூன்றாம் வகுப்பு. நீலகிரித் தைலத்துக்கு இது 50 டிகிரியை ஒட்டி வருகிறது. ஊட்டியின் குளிரில் இந்த எண் ஒன்றுமே இல்லை. கோடையில் வளைகுடாத் துறைமுகம் ஒன்றில் வெயிலில் கிடக்கும் இரும்புக் கண்டெய்னருக்குள் 50 டிகிரியைத் தாண்டுவது புதுமையல்ல. உடைந்த ஒரு குப்பியும் ஒரு பொறியும் போதும்.

வகுப்புக்குப் பிறகு பார்க்க வேண்டியது பேக்கிங் குரூப். ஆபத்தின் அளவைச் சொல்வது இதுதான். ஒன்று மிகக் கடுமை, இரண்டு நடுத்தரம், மூன்று குறைவு. 35 டிகிரிக்குள் கொதிக்கத் தொடங்கும் திரவம் குரூப் 1. கொதிநிலை அதற்கு மேல், ஆனால் ஃபிளாஷ் பாயின்ட் 23 டிகிரிக்குக் கீழ் என்றால் குரூப் 2. 23 முதல் 60 வரை குரூப் 3. தைலம் குரூப் 3-ல் நிற்கிறது. அதே மூன்றாம் வகுப்பு, அதே குரூப் 3-ல் இருக்கும் இன்னொரு பொருள் மண்ணெண்ணெய். நண்பரிடம் இதைச் சொன்னபோதுதான் அவர் முதல்முறையாகச் சிறிது யோசித்தார்.

அடுத்தது நான்கு இலக்க ஐ.நா. எண்ணும் அதற்குரிய பெயரும். வியாபாரப் பெயருக்கு இங்கே மதிப்பில்லை. பட்டியலில் பொருளின் சொந்தப் பெயர் இருந்தால் அதைத்தான் எழுத வேண்டும். இல்லையென்றால் அது சேரும் இனத்தின் பெயர். அதுவும் இல்லையென்றால்தான் 'வேறு வகையில் குறிப்பிடப்படாத தீப்பற்றும் திரவம்' போன்ற பொதுப் பெயர். வாசனைச் சாறுகளுக்கு முன்பு 1169, சுவைச் சாறுகளுக்கு 1197 என்று இரண்டு எண்கள் இருந்தன. அண்மைத் திருத்தத்தில் 1169 நீக்கப்பட்டு இரண்டும் 1197-ல் ஒன்றாயின. பழைய தாளை நகலெடுத்து 1169 என்றே எழுதிக் கொடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நம் ஊர்ப் பேச்சு வழக்காலும் ஒரு குழப்பம் வரும். நீலகிரியில் யூகலிப்டஸைக் கற்பூர மரம் என்கிறோம். அதை அப்படியே மொழிபெயர்த்துக் 'கற்பூர எண்ணெய்' என்று எழுதினால், பட்டியலில் அது 1130 என்ற எண்ணுள்ள வேறொரு சரக்கு. கற்பூரம் என்று எழுதினால் 2717, அது திடப்பொருள், வகுப்பே மாறிவிடும்.

அதே ஊட்டிக் கடையில் தைலத்துக்குப் பக்கத்தில் நிற்கும் விண்டர்கிரீன் எண்ணெயைப் பாருங்கள். மூட்டு வலிக்குத் தேய்ப்பது. அதன் ஃபிளாஷ் பாயின்ட் 90 டிகிரிக்கும் மேல். ஆகவே மூன்றாம் வகுப்பில் வராது. ஆனால் அதில் கிட்டத்தட்ட முழுவதும் மெத்தில் சாலிசிலேட். ஒரு தேக்கரண்டி உள்ளே போனால் சிறு குழந்தையின் உயிருக்கே ஆபத்து. கப்பல் பட்டியலில் இல்லை என்பதற்காக வீட்டு அலமாரியில் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிடக் கூடாது. அத்தரிலும் இப்படி வேறுபாடு உண்டு. சந்தன எண்ணெயை அடியாகக் கொண்ட, ஆல்கஹால் கலக்காத அத்தர் பொதுவாகத் தீப்பற்றும் திரவ வரம்புக்குள் வருவதில்லை. ஆல்கஹால் கலந்த சென்ட் 1266 என்ற எண்ணில் மூன்றாம் வகுப்பு.

கலப்படம் செய்பவர்கள் தரத்தோடு வகைப்பாட்டையும் கெடுத்துவிடுகிறார்கள். தைலத்தில் டர்பென்டைன் கலந்தால் ஃபிளாஷ் பாயின்ட் இறங்கும். ஆல்கஹால் போதிய அளவு கலந்தால் பேக்கிங் குரூப்பே மாறலாம். தாளில் எழுதிய எண்ணும் டிரம்மில் இருக்கும் திரவமும் வேறு வேறாகிவிடும். தீயணைக்க வருபவர் தாளை நம்பித்தான் வருவார்.

தாளும் பெட்டியும்

இதையெல்லாம் ஒரு சிறு வியாபாரி ஆய்வகம் வைத்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தயாரிப்பாளரிடம் பாதுகாப்புத் தரவுத் தாள் கேட்டு வாங்க வேண்டும். பதினாறு பகுதிகள் கொண்ட அந்தத் தாளில் ஒன்பதாவது பகுதியில் ஃபிளாஷ் பாயின்டும், பதினான்காவது பகுதியில் ஐ.நா. எண், பெயர், வகுப்பு, பேக்கிங் குரூப் எல்லாமும் இருக்கும். கடலை மாசுபடுத்தும் பொருளா என்பதும் அங்கேயே இருக்கும். லிமோனின் போன்ற கூறுகள் கூடுதலாக உள்ள எண்ணெய்களுக்குச் செத்த மீனும் மரமும் வரைந்த குறியையும் ஒட்ட நேரலாம். இணையத்தில் கிடைக்கும் வேறு கம்பெனியின் தாளை எடுத்துப் பெயரை மாற்றிக் கொடுப்பது பரவலாக நடக்கிறது. அதைச் செய்யாதீர்கள். கையெழுத்துப் போடுவது நீங்கள், பொறுப்பும் உங்களுடையது.

200 லிட்டர் டிரம்மாக அனுப்பினால் சோதிக்கப்பட்டு ஐ.நா. முத்திரை குத்திய டிரம் வேண்டும். முத்திரையில் எக்ஸ் என்ற எழுத்து இருந்தால் மூன்று குரூப்புக்கும் ஆகும், ஒய் என்றால் இரண்டும் மூன்றும், இசட் என்றால் மூன்று மட்டும். சிவப்பு நிறத்தில் தீச்சுடர் வரைந்த வைரவடிவ லேபிளும் ஒட்ட வேண்டும்.

குப்பி வியாபாரிக்கு எளிய வழி ஒன்று உண்டு. 'வரம்புக்குட்பட்ட அளவு' என்ற சலுகை அது. தைலம் போன்ற குரூப் 3 சாறுகளுக்கு உள்ளே இருக்கும் ஒவ்வொரு குப்பியும் 5 லிட்டருக்கு மிகாமல், பெட்டியின் மொத்த எடை 30 கிலோவுக்கு மிகாமல் இருந்தால் முத்திரை குத்திய பெட்டி தேவையில்லை. மேலும் கீழும் கறுத்து நடுவில் வெளுத்த வைரக்குறி ஒன்றை ஒட்டினால் போதும். ஆனால் கடல் வழியில் அறிவிப்புத் தாளிலிருந்து விலக்கு கிடையாது. சலுகை என்றதும் எதுவும் எழுத வேண்டாம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

எழுதாமல் விட்டால்

கப்பல் கேப்டனுக்குக் கண்டெய்னருக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வழியில்லை. ஆயிரக்கணக்கான பெட்டிகள் மூடி முத்திரையிட்டு ஏறுகின்றன. எதை எதன் பக்கத்தில் வைக்கக் கூடாது என்பதற்கு விதியில் ஓர் அட்டவணை இருக்கிறது. தீப்பற்றும் திரவமும் ஆக்சிஜன் கொடுக்கும் பொருளும் பிரித்து வைக்கப்பட வேண்டும். அதாவது தைல டிரம்மும் பிளீச்சிங் பவுடர் வகைக் குளோரின் தூளும் பக்கத்துப் பக்கத்தில் கூடாது. தாளில் 'மூலிகை எண்ணெய்' என்று மட்டும் இருந்தால் அந்த அட்டவணையால் யாருக்கும் பயனில்லை.

2018 மார்ச்சில் அரபிக்கடலில் மெர்ஸ்க் ஹோனாம் கப்பல் தீப்பிடித்து மாலுமிகள் ஐந்து பேர் இறந்தார்கள். தீ தொடங்கிய முன்பகுதியில் தண்ணீர்த் தொட்டிகளைச் சுத்திகரிக்கும் குளோரின் வகைத் தூள் ஏற்றப்பட்டிருந்தது. விதிப்படி அது ஒன்பதாம் வகுப்பு, கடுமை குறைந்ததாகக் கருதப்பட்ட சரக்கு. அதற்குப் பிறகு அந்நிறுவனம் ஆபத்தான சரக்கை ஊழியர் தங்கும் இடத்துக்கு அருகில் வைப்பதைக் கட்டுப்படுத்தியது. வகைப்பாடு என்பது ஏதோ எழுத்தர் வேலை என்று நினைப்பவர்கள் இந்த ஐந்து பேரை நினைத்துப் பார்க்கட்டும்.

இலங்கைக்காரர்கள் மறக்க முடியாதது எக்ஸ்-பிரஸ் பேர்ல். 1,486 கண்டெய்னர்களோடு வந்த புத்தம் புதுக் கப்பல். அதில் 25 டன் நைட்ரிக் அமிலம் இருந்தது. வகுப்பு 8, அடர்த்தி கூடினால் 5.1-ம் சேர்ந்துகொள்ளும். வழியிலேயே கசிவு தெரிந்தது. கத்தாரின் ஹமாத் துறைமுகமும் குஜராத்தின் ஹசீராவும் கசியும் பெட்டியை இறக்க முன்வரவில்லை. 2021 மே 20 அன்று கொழும்புக்கு வெளியே தீ பிடித்தது. ஜூன் மாதம் கப்பல் மூழ்கியது. மாலுமிகள் தப்பினார்கள். ஆனால் நீர்கொழும்பு வரை கரையெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டிக் குருணைகள், அவற்றின் நடுவே செத்த ஆமைகள். மீனவர்கள் கடலுக்குப் போக முடியாமல் முடங்கினார்கள். அந்தக் கப்பலில் இருந்த சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணை, ஆபத்தான சரக்குப் பட்டியலில் இல்லவே இல்லை. அமிலம் பட்டியலில் இருந்தும் பெட்டி கசிந்தது. குருணை பட்டியலில் இல்லாமலே கரையை அழித்தது. 2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் நூறு கோடி டாலர் இழப்பீடு தரும்படி தீர்ப்பளித்தது. அதே ஆண்டு மூழ்கிய எல்சா 3-லிருந்தும் இதே குருணைகள் கன்னியாகுமரிக் கரை வரை வந்து ஒதுங்கின.

பயணிகளின் பெட்டி

உம்ராவுக்கோ வேலைக்கோ விமானத்தில் போகிறவர்கள் தைலம் கொண்டு போகலாமா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. விமான விதியில் மருந்தும் அழகுப் பொருள்களும் ஒரு குப்பி அரை லிட்டருக்கு மிகாமல், ஒருவருக்கு எல்லாம் சேர்த்து 2 லிட்டருக்கு மிகாமல் அனுமதி உண்டு. தனிப்பட்ட விமான நிறுவனம் இதைவிடக் கடுமையாக இருக்கலாம், கேட்டுக்கொள்வது நல்லது. கைப்பையில் 100 மில்லி என்ற கட்டுப்பாடு வேறு, அது பாதுகாப்புச் சோதனைக்கானது. தண்ணீருக்கும் அது பொருந்தும். பவர்பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்கில் போடும் பெட்டியில் கூடாது. சரக்கறையில் பற்றினால் அணைக்கக் கை எட்டாது என்பதே காரணம். விடுமுறையில் வளைகுடாவிலிருந்து ஊருக்குக் 'கார்கோ' போடுபவர்கள் போர்வைக்கு நடுவே ஸ்பிரே டப்பாக்களைச் சுருட்டி வைக்கும் பழக்கத்தையும் விட வேண்டும்.

நண்பர் தயாரிப்பாளரிடம் தரவுத் தாள் வாங்கினார். பெட்டிகளைப் பிரித்து, குப்பிகளுக்கு நடுவே தடுப்பு வைத்து மறுபடி கட்டி, வைரக்குறி ஒட்டினார். 'மூலிகை எண்ணெய்' என்று இருந்த இடத்தில் இப்போது யூ.என். 1197, திரவச் சாறுகள், வகுப்பு 3, பேக்கிங் குரூப் 3, ஃபிளாஷ் பாயின்ட் இவ்வளவு, வரம்புக்குட்பட்ட அளவு என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கிறது. வர்க்கி தனியாகப் போயிற்று. தைலத்துக்குக் கட்டணம் கூடியது. துபாய் மச்சான் குப்பிக்கு அரைத் திர்ஹம் ஏற்றி விற்கிறாராம்.